சாவை இங்கே வைக்கவும்

ஒரு மனிதனை வேலையிலிருந்து தூக்க ரேடியோவுக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. அதையும் அவன் சிரிப்புக்காகத்தான் சொன்னான்.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. விழித்த நேரம் முதல் படுக்கும்வரை ஓயாமல் பேசுவதால் ஒட்டிக்கொண்ட பெயர். கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். வருகிற வாடிக்கையாளரைப் பேசியே களைப்படையச் செய்து வெறுங்கையோடு அனுப்பிவிடுவான். கடை படுத்துவிட்டது. பிறகு அண்ணன் மனைவி நடத்தும் துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். அண்ணியை எல்லாருமே டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். பொய் சொல்கிறவர்களைப் பின் பெஞ்சில் பார்த்துப் பார்த்துச் சலித்து, அதையே தொழிலாக்கிக்கொண்டவர்.

இப்போது அவர்கள் கையில் இருந்தது ஒரு பூட்டு வழக்கு. கண்ணுக்குத் தெரியாத பூட்டு.

தச்சர் கதவு செய்வார், பூட்டு செய்யமாட்டார். கடையில் வாங்கி மாட்டுவார். அதேபோல, புரோகிராம் எழுதுகிறவர்கள் ரகசியத் தகவல்களைப் பூட்டிவைக்கும் பகுதியைத் தாங்களே எழுதுவதில்லை. அதற்கென்றே எழுதி வைத்திருப்பதை எடுத்துத் தங்கள் புரோகிராமில் பொருத்திக்கொள்வார்கள். அப்படி ஒன்றைத் தயாரிக்கும் கம்பெனிதான் கட்சிக்காரர். சரக்கின் பெயர் ‘தாழ்ப்பாள்’. நிறைய பேர் பொருத்தியிருந்தார்கள். அவர்களில் ஒரு கண் ஆஸ்பத்திரி, ஒரு மனநல ஆலோசனை மையம், ஒரு வீட்டு வாடகைத் தரகர் அலுவலகம் என்று வரிசையாக மூன்று இடங்களில் பூட்டி வைத்த தகவல்கள் வெளியே வந்துவிட்டன. பூட்டு உடைந்ததற்கான அடையாளமே இல்லை. யாரோ சாவி போட்டுத் திறந்ததுபோல் அவ்வளவு சுத்தம்.

முந்தின நாள் அந்தக் கம்பெனி முதலாளி, தன் அறையில் வைத்து, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார். டீச்சர் யோசித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல் ரேடியோ வாயைத் திறந்தான்.

"பூட்டு செஞ்சவர் கையில ஒரு சாவி உபரியா இல்லாமலா இருக்கும், சார்?"

முதலாளி சிரிக்கவில்லை. பூட்டின் உள்வேலை அனைத்தையும் செய்தவர் ஒரே ஆள். அதிகம் பேசமாட்டார் என்பதால் அலுவலகத்தில் அவருக்குச் சாமியார் என்று பெயர். அதற்குமேல் ஒரு விஷயமும் உண்டு. அவர் முதலாளியின் சொந்தத் தங்கை புருஷன். அன்று மாலையே சாமியாரின் மேஜை காலியாகிவிட்டது. ஏன் என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையாம். அவர் போன அடுத்த நிமிஷமே தங்கையும் எழுந்து கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அவளும் அதே அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாள். இதையெல்லாம் காவலாளி சொன்னதிலிருந்து ரேடியோவுக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் காரை ஓட்டியபடியே, ஒருவேளை சாமியார்தான் திருடனாக இருந்துவிட்டால் நல்லது என்று அவன் ஒரு கணம் ஆசைப்பட்டான். ஆசைப்பட்டதற்கு உடனே கூசினான்.

"அண்ணி, நான் போய் அந்த முதலாளிகிட்ட, அது சும்மா ஜோக்குன்னு சொல்லிட்டு வந்துரட்டுமா?"

"நேத்து உன்னை நம்பினாரு. இன்னைக்கு ஏன் நம்பணும்? கையில எதாவது எடுத்துட்டுப் போனாத்தான் நம்புவாரு," என்றார் டீச்சர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, தனக்குள் கேட்டுக்கொண்டிருந்த ஒரே கேள்வியை வாய்விட்டுச் சொன்னார். பூட்டு செய்தவர் திருடியிருந்தால் எல்லா வீட்டிலும் திருடியிருக்கலாம். பெரிய பெரிய கம்பெனிகள் அதே பூட்டை மாட்டியிருக்க, இந்த மூன்று சின்ன இடங்களை மட்டும் ஏன் தொட வேண்டும்? மூன்று பேருக்கும் பொதுவானது என்ன?

கண் ஆஸ்பத்திரியில் கணினி அறை என்பது பழைய கண்ணாடி ஃப்ரேம்கள் அடுக்கிய ஒரு கிடங்கின் மூலை. அங்கிருந்த புரோகிராமர் தூக்கம் கெட்ட கண்களோடு, பூட்டு பொருத்திய பகுதியைத் திரையில் திறந்து காட்டினார். டீச்சர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். ரேடியோவுக்கு அது ஒரு மண்ணும் புரியவில்லை. ஆனால் நடுவில், மனிதர்கள் படிப்பதற்காகத் தமிழில் எழுதியிருந்த ஒரு குறிப்பு மட்டும் புரிந்தது. படித்தவன் இரண்டாம் தடவையும் படித்தான்.

‘சாவை இங்கே வைக்கவும்.’

சாவியை என்று எழுத வந்தவர்கள் ‘வியை’ என்பதை ‘வை’ ஆக்கிவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரியில இதைப் போய் எழுதி வெச்சிருக்கீங்களே," என்றான் ரேடியோ. "எமனுக்கு வழி காட்டுற மாதிரியில்ல இருக்கு?"

புரோகிராமர் அதை அதுவரை கவனித்ததே இல்லை என்றார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அப்படிச் செய்தால் எதையோ மனதில் குறித்துக்கொண்டார் என்று அர்த்தம்.

அடுத்தது ஆலோசனை மையம். ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. வரவேற்பறையில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். பஸ் டிரைவர். மேம்பாலம் ஏறும்போதெல்லாம் கை நடுங்குகிறது என்று இங்கே வந்து ஆலோசகரிடம் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். அவர் பேசியது பூட்டிலிருந்து வெளியே வந்து, டிப்போவில் ஒவ்வொருவர் ஃபோனிலும் சுற்றிவிட்டது. இப்போது அவரை ஷெட்டில் பஸ் கழுவ விட்டிருக்கிறார்கள். அவர் சண்டை போட வரவில்லை. வரவேற்புப் பெண்ணிடம் மெதுவான குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் பேசினதை உங்ககிட்ட இருந்து திரும்ப எடுத்துக்க முடியுமாம்மா?"

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தாள். எந்தத் துக்க வீட்டிலும் சொல்ல ஒரு பேச்சு வைத்திருப்பவன் ரேடியோ. அவன் டிரைவரைத் தாண்டி உள்ளே போகும்போது செருப்புச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பதுபோல் நடந்தான்.

மையத்தின் புரோகிராமர் இளம்பெண். திரையைத் திறந்தாள். டீச்சர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினார். விரல் நின்றது.

‘சாவை இங்கே வைக்கவும்.’

ரேடியோவுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதை நீயே எழுதினாயா என்று டீச்சர் கேட்டார். அந்தப் பெண் சங்கடப்பட்டாள். தாழ்ப்பாளை எப்படிப் பொருத்துவது என்று அந்தக் கம்பெனியே ஒரு வழிகாட்டிப் பக்கம் போட்டிருக்கிறது, அதில் உள்ள மாதிரியை அப்படியே எடுத்து ஒட்டியதாகச் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாம். மற்ற கம்பெனிகளின் வழிகாட்டியைப் படித்தால் தலை சுற்றும், இது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருவதுபோல் இருக்கும் என்றாள். முதல் வரியே ‘முதலில் பயப்படாதீர்கள்’ என்று ஆரம்பிக்குமாம்.

"அந்த வரிக்குக் கீழ நீளமா எழுத்தும் எண்ணுமா இருக்கே, அது?"

"அதுதான் மேடம் சாவி."

"யாரோட சாவி?"

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டாள். அவள் முகம் வெளிறியதை ரேடியோ பார்த்தான்.

மாதிரி என்பதால் அந்தப் பக்கத்தில் ஒரு சாவியும் மாதிரிக்காகப் போட்டிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தங்கள் சாவியைப் போட்டிருக்க வேண்டும். இவள் போடவில்லை. டீச்சர் கண் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டு அந்த நீளமான எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அச்சு மாறாமல் அதே சாவி. வாடகைத் தரகர் அலுவலகத்திலும் அதே சாவி, அதே சாவு. கடைசியாக, திருட்டுப் போகாத ஒரு கம்பெனியைக் கூப்பிட்டார். அவர்கள் பழைய வழிகாட்டியைப் பார்த்துப் பொருத்தியவர்களாம். அந்தப் பழைய மாதிரி, சொந்தச் சாவி போடும்வரை ஓடவே மாட்டேன் என்று அடம் பிடித்ததாம். எழுதியவனைத் திட்டித் தீர்த்ததாக அந்த புரோகிராமர் சொன்னார்.

படியிறங்கும்போது ரேடியோவின் கால் தரையில் பாவவில்லை.

"பூட்டை ஒருத்தனும் உடைக்கலை. சாவியைப் பூட்டுக் கடைக்காரங்களே போர்டுல எழுதி மாட்டியிருக்காங்க. படிச்சவன் எவனோ திறந்துட்டான். சாமியார் தப்பிச்சாரு, அண்ணி."

"ஆமா. அந்தப் பழைய மாதிரியைச் செஞ்சது அவர்தான், அது சாவி போடாம ஓடாது. அப்போ அதை ஓட வெச்சது யாரு?" என்று கேட்டுவிட்டு டீச்சர் காரில் ஏறினார். "சாமியார் வீட்டுக்குப் போய் நான் பேசுறேன். நீ வாயைத் திறக்காம இரு."

அவன் தலையாட்டினான். மனப்பூர்வமாகத்தான் ஆட்டினான்.

சாமியாரின் வீடு ஒரு மூன்றுமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் இருந்தது. மணியை அடித்ததும் உள்ளிருந்து ஒரு நாய் கதவையே பிறாண்டிக்கொண்டு குரைத்தது. ரேடியோ ஓரடி பின்வாங்கினான். கதவைத் திறந்த பெண்மணி நாயின் கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல பயப்படாதீங்க. ஒண்ணும் செய்யாது," என்றாள்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரேடியோ அதைப் பார்க்கவில்லை. அவன் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாமியாரின் மனைவி, அதாவது முதலாளியின் தங்கை, அவர்களை உட்காரவைத்தாள். அழுது ஓய்ந்த முகம். சாமியார் சமையலறையில் ஒழுகும் குழாயைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்தவரிடம் டீச்சர், கொஞ்சம் வெளியே காற்றாட நடந்துகொண்டே பேசலாமா என்று கேட்டார். சாமியாரும் புரிந்ததுபோல் உடனே செருப்பைத் தேடினார்.

ஆனால் ரேடியோவால் முடியவில்லை. தான் கெடுத்த மனிதர் கண்ணெதிரே நிற்கிறார், அவரை மீட்கும் நல்ல செய்தி தொண்டைவரை வந்து நிற்கிறது. அவர் மனைவியும் அதைக் கேட்டு ஒரு முறை நிமிர்ந்து உட்கார வேண்டாமா? அவன் எழுந்து கைகூப்பினான். நேற்று தான் உளறியதை ஒப்புக்கொண்டான். மன்னிப்புக் கேட்டான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா நீங்க கவலையேபடாதீங்க, சார். உங்க மேல தப்பில்லைன்னு கண்டுபிடிச்சிட்டோம். அந்த வழிகாட்டிப் பக்கத்தை எழுதின மேதாவி யாரோ, அவங்க பண்ண கூத்துதான் எல்லாம். சாவியைன்னு எழுதத் தெரியாம, சாவை இங்கே வைக்கவும்னு எழுதி வெச்சிருக்காங்க."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். சாமியார் ஒரு கால் செருப்பில், ஒரு கால் தரையில் நின்றார்.

"அது நான் எழுதினது," என்றாள் அவர் மனைவி.

ரேடியோ கூப்பிய கையை இறக்கினான்.

அலுவலகத்தில் அவளுடைய வேலையே வழிகாட்டிப் பக்கங்களை எழுதுவதுதான். ரேடியோ அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இல்லை. தாழ்ப்பாளை முயன்று பார்க்கிறவர்கள், மாதிரிப் புரோகிராம் ஓடவில்லை என்று வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள், எடுத்து ஒட்டியதும் முதல் தடவையே ஓட வேண்டும் என்று அண்ணன் சொன்னார். அவள் ஒரு சாவியை உள்ளே போட்டு, ஓட வைத்து, அவசரமாக எழுதி ஏற்றினாள். மாற்றிக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி சேர்க்க நினைத்தாள். பிறகு சேர்க்கலாம் என்று விட்டாள். மறந்தும் போனாள். இவ்வளவையும் அவள் டீச்சரைப் பார்த்து, வகுப்பில் பாடம் ஒப்பிப்பதுபோல் ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். டீச்சர் மறைக்கவில்லை. பஸ் டிரைவரைப் பற்றிச் சொன்னார்.

அவள் புடவைத் தலைப்பை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். விரல் வெளுத்தது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

சாமியார் பேசினார். ரேடியோ அவர் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. மாதிரியில் கை வைக்கக் கூடாது என்று மச்சானிடம் முன்பே சொன்னாராம். பூட்டு செய்வது உங்கள் வேலை, விற்பது என் வேலை என்று மச்சான் எல்லார் முன்னாலும் முகத்தில் அடித்ததுபோல் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் இவர் எதையும் சொல்வதில்லை.

"பக்கம் ஏறின அன்னைக்கே பார்த்தேன். பட்டாத்தான் அவருக்குப் புத்தி வரும்னு இருந்துட்டேன்." காலில் இருந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றினார். "பட்டது அவரில்லை. முதல் திருட்டு நடந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா உன் பேர் வரும். அதான், நேத்து வெளிய போன்னதும் வந்துட்டேன்."

"என்னைக் காப்பாத்துனீங்களாக்கும்," என்றாள் அவள். "பார்த்த அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாத்தியிருப்பேனே. ஒரே வீட்லதானே இருக்கோம்."

தான் ஒரு நல்ல காரியம் செய்ய வந்து இந்த வீட்டின் கடைசிச் சுவரையும் இடித்துவிட்டதாக ரேடியோவுக்குத் தோன்றியது. ஓடிவிடலாமா என்று பார்த்தான். டீச்சர் அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தார்.

தங்கை ஃபோனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். சீக்கிரமே முதலாளி வந்து சேர்ந்தார். வாசலில் நின்றே விஷயத்தைக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய சட்டைக் காலர் அவருக்கே பெரிதாகிக்கொண்டு வந்ததுபோல் இருந்தது. முதலில் அவருக்குத் தோன்றியது வியாபாரிக்குத் தோன்றுவதுதான். பக்கத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம், வெளியே மூச்சு விட வேண்டாம், தெரிந்தால் நாளைக்கே கடையை மூட வேண்டியதுதான் என்றார். அறிவிப்பு போட்டால் அது திருடனுக்கே வழி சொல்லிக்கொடுத்ததாக ஆகாதா என்றும் கேட்டார்.

"திருடனுக்குத் தெரிஞ்சாச்சு, மச்சான்," என்றார் சாமியார். "தெரியாதது அவங்களுக்குத்தான்."

பக்கத்தைத் திருத்தினால் இனி வருகிறவர்களுக்குத்தான் பலன், ஏற்கெனவே எடுத்து ஒட்டியவர்களிடம் அந்தச் சாவி அப்படியேதான் இருக்கும் என்று அவர் விளக்கினார். தாழ்ப்பாளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்ததால், யார் யார் எடுத்தார்கள் என்று கம்பெனிக்கே தெரியாது. எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை. திருடனைப் பிடிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் திறந்து கிடக்கும் கதவுகளைச் சாத்துங்கள் என்று டீச்சரும் சொன்னார்.

முதலாளி மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பார்வை அங்கே நிலைக்காமல் நழுவியது. மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. சுவர் ஓரமாகக் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, எழுதும்மா என்றார்.

தங்கை கணினியை மேஜையில் வைத்துத் திறந்தாள். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். மற்ற நால்வரும் விசைப்பலகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முடித்ததும் திரையைக் கணவர் பக்கம் திருப்பினாள்.

"படிங்க. தப்பு இருந்தா இப்பவே சொல்லுங்க."

சாமியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மெதுவாக, வரி வரியாக. என்ன செய்ய வேண்டும், எந்தச் சாவியை எப்படி மாற்ற வேண்டும் என்றெல்லாம் தெளிவாகவே எழுதியிருந்தாள். அவர் கடைசிவரை போய்விட்டு மறுபடி முதல் வரிக்கு வந்தார்.

"இங்க, ‘ஒரு தவறு நேர்ந்துவிட்டது’ன்னு போட்டிருக்க. நேரலை. நாம செஞ்சோம்."

அவள் அண்ணனைப் பார்த்தாள். முதலாளி தரையைப் பார்த்தபடியே கையை மட்டும் அசைத்தார். அவள் அந்த வரியைத் திருத்தினாள். பிறகு, யாரும் மனம் மாறுவதற்குள், ஏற்றிவிட்டாள்.

வேறு நாளாக இருந்தால் ரேடியோ ஏதாவது சொல்லி அந்த அமைதியைக் கலைத்திருப்பான். இந்த முறை கையை மடியில் கோத்துக்கொண்டு காத்திருந்தான். அறிவிப்பில் கொடுத்திருந்த எண் முதலாளியுடையது. மேஜைமேல் வைத்திருந்த அவருடைய ஃபோன் அதிர ஆரம்பித்தது. தெரியாத எண். தங்கை எடுக்கப் போனாள். அவர் எழுந்து வந்து, அவள் கைக்கு முன்னால் தன் கையை நீட்டி அதை எடுத்தார்.

எதிர்முனையில் யாரோ, அந்தச் சாவியைப் போட்டது நீங்கள்தானா என்று பதற்றத்தோடு கேட்டதை அவர் முழுதாகக் கேட்டார்.

"ஆமாங்க," என்றார். "நாங்கதான்."